ராஜாவின் கொடியும் வாசல் எலுமிச்சையும்

இங்கே நான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சரவாக்கில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்தபோது, 1855-இல், கரிய இறகில் பச்சை முக்கோணங்கள் வரிசையாகப் பதிந்த ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சியை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். தமக்கு ஆதரவாக இருந்த சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1865-இல், சாதாரணமான இன்னொன்றுக்கும் ஒரு பெயர் தந்தார். அந்த இன்னொன்றான எலுமிச்சை அழகியை லின்னேயஸ் 1758-லேயே பதிவு செய்துவிட்டார். அதன் மலாயா, சுமத்ரா வகையை வாலஸ் தனியாகப் பிரித்து ‘மலாயானஸ்’ என்றார்.

இரண்டும் ஒரே குடும்பம். தமிழில் ‘அழகிகள்’ என்று வழங்கும் குடும்பம் அது. இரண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நீரை உறிஞ்சி வாழ்பவை. ஒன்று அந்த ஆறுகள் பிறக்கும் மலையில், மற்றொன்று அவை கடலை எட்டும் சமவெளியில். ஒன்றை மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி என்று கொண்டாடுகிறோம், சட்டம் போட்டுக் காக்கிறோம். மற்றொன்றின் புழுவைத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளைத் தாண்டுவது எது என்று கேட்டால், தட்டிவிடப்படுவதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ராஜா புரூக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கோலாலம்பூரை விட்டு வடகிழக்கே போக வேண்டும். பத்துமலையைத் தாண்டி, பெந்தோங்குக்குப் போகும் பழைய மலைச்சாலையில் ஏற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 1965-இல் தொடங்கிய உலு கோம்பாக் கள ஆய்வு மையம் அந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. மழை இல்லாத காலைகளில் ஆற்றோர ஈர மணலில் ஆண் பூச்சிகள் இறங்கி உட்காரும். இன்னும் பெரிய கூட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பேராக் மாநிலத்துக்கு, கோப்பெங்குக்கு உள்ளே இருக்கும் உலு கெரோவுக்குப் போகிறார்கள். செமாய் ஓராங் அஸ்லி மக்களின் கிராமம் அது. ஒரு காலத்தில் அங்கே வியாபாரிகளுக்காக இந்தப் பூச்சியைப் பிடித்து விற்றார்கள். இப்போது அதே கைகள் வருகிறவர்களுக்குக் காட்டில் வழி காட்டுகின்றன. இப்படி ஒரு மாற்றத்தை எந்த அறிக்கையும் செய்துவிட முடியாது. அங்கே வாழ்கிறவர்களே முடிவெடுத்தால்தான் நடக்கும்.

எலுமிச்சை அழகிக்கு இப்படிப் பயணம் எதுவும் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் பக்கமோ, பழைய அடுக்குமாடிகளின் பின்பக்கச் சந்திலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூமாலைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு வரிசையிலோ பத்து நிமிடம் நின்றால் போதும். கறுப்பும் வெளிர்மஞ்சளும் கட்டம் கட்டமாக, பின்னிறகின் ஓரத்தில் ஒரு செங்கல் நிறப் பொட்டோடு, இடுப்பளவு உயரத்தில் விறுவிறுவென்று பறந்து போகும். அழகிகள் பலவற்றுக்கு இருக்கும் வால் இதற்குக் கிடையாது. இறகை விரித்தால் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர். ராஜா புரூக் ஏறத்தாழ அதைப் போல் இரண்டு மடங்கு.

அளவையும் நிறத்தையும் மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான வேறுபாடு இறகில் இல்லை, புழு தின்னும் இலையில் இருக்கிறது. வளர்ந்த பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். புழுவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாய் முட்டை வைத்த செடியை அது தின்னாக வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். அதனால் ஒரு வண்ணத்துப்பூச்சி எங்கே வாழும் என்ற கேள்விக்கு, அதன் தாய் எந்த இலையைத் தேடிப் போகிறாள் என்பதே விடை.

எலுமிச்சை அழகியின் தாய் தேடுவது நம் சமையலறை வாசலை. எலுமிச்சை, நாரத்தை, லீமாவ் கஸ்தூரி, லீமாவ் பூருட் என்று அந்தக் குடும்பத்தில் எது இருந்தாலும் இளங்கொழுந்தைத் தேடி, கொழுந்துக்கு ஒன்றாக வெளிர்மஞ்சள் முட்டை வைக்கும். தமிழ்நாட்டில் வில்வத்திலும் வைக்கும். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. மலாய்க்கார வீட்டு முற்றத்தில் லீமாவ் பூருட், சீனர் வீட்டுக் கதவோரம் பெருநாளுக்கு வாங்கி வைத்த பழம் நிறைந்த தொட்டி, நம் வீட்டு வாசலில் கறிவேப்பிலை. மூன்று சமையலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டாலும் மூன்று செடியும் தாவரவியலில் ஒரே குடும்பம். சீனப் பெருநாள் முடிந்து, தொட்டிச் செடியைப் பழம் உதிர்ந்த நிலையில் பின்கட்டில் தள்ளிவிட்ட பிறகு அது புதிதாகத் துளிர்க்கும். அந்தத் துளிரை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சிதான்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரிக்கும். வெளியே வரும் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்போல இருக்கும். பழுப்பு உடலில் வெள்ளைத் தீற்றல். நான்கு பருவம்வரை அதே வேடம். எச்சத்தைக் கொத்தித் தின்னும் பறவை கிடையாது என்பதால் திறந்த இலையில் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் பருவத்தில் உடல் பெருத்துவிடும், அந்த வேடம் இனிப் பலிக்காது. தோலுரித்துப் பச்சையாகிறது, இலையோடு இலையாக மறைகிறது. அப்போதும் யாராவது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஒரு செம்மஞ்சள் உறுப்பை வெளியே தள்ளும். கூடவே ஒரு காரமான வாடை வரும். பிறகு ஒரு காம்பில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் இருந்தால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் இருந்தால் பெரும்பாலும் பழுப்புக் கூடு. முட்டை முதல் பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம்.

கிள்ளானில் எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தினமும் காலையில் செடியைப் புரட்டிப் பார்த்துப் புழுவைப் பொறுக்கிப் போடுவார். “அக்கா, அது பட்டாம்பூச்சியா ஆகும்” என்று நான் சொன்னதற்கு, “ஆகட்டும் தம்பி, நல்லதுதான், ஆனா கன்னுச் செடி தாங்காதே” என்றார். அவர் சொன்னது சரி. சிறிய நாற்றில் நான்கைந்து புழு ஏறினால் இரண்டே நாளில் மொட்டையாகிவிடும். ஆரஞ்சு, எலுமிச்சை பயிரிடுகிறவர்கள் இதை இந்தியாவிலும் பூச்சிக்கொல்லி அடித்துத்தான் சமாளிக்கிறார்கள். வளர்ந்த செடிக்கு ஒன்றும் ஆகாது. நான்கு கொழுந்தை விட்டுக்கொடுத்தால் பத்து நாளில் மறுபடி துளிர்த்துவிடும்.

இனி ராஜா புரூக்கின் பக்கம். அதன் தாய் தேடுவது அரிஸ்டோலோக்கியா என்ற கொடி இனத்தை. தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கொடிகள் அந்நியமல்ல. நாட்டு மருத்துவத்தில் பாம்புக்கடிக்குச் சொல்லப்படும் ஈசுரமூலியும், கரிசல் காட்டு ஓரங்களில் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும் இதே இனம். இவற்றில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. ஆகவே மருந்தென்று நம்பி யாரும் உட்கொள்ள வேண்டாம். அந்த நஞ்சையே ராஜா புரூக்கின் புழு தின்கிறது, உடலில் சேர்த்து வைக்கிறது, பூச்சியான பிறகும் வைத்திருக்கிறது. ஒருமுறை வாயில் வைத்த பறவை மறுமுறை தொடாது.

அதனால் இரண்டின் குணமும் எதிரெதிர். உடலில் நஞ்சில்லாத எலுமிச்சை அழகி வாழ்க்கை முழுக்க ஒளிந்துகொள்கிறது: எச்சமாக, இலையாக, குச்சியாக, பறக்கும்போது வேகமாக. நஞ்சுள்ள ராஜா புரூக் ஒளிய வேண்டிய தேவையே இல்லாமல் கரும்பச்சை இறகையும் கழுத்தின் சிவப்புப் பட்டையையும் வெயிலில் விரித்துக் காட்டிக்கொண்டு நிதானமாக மிதக்கிறது. ஊருக்கும் காட்டுக்கும் இடையே பாலமாக ஒரு மூன்றாம் பூச்சியும் உண்டு. கறிவேப்பிலையில் வளரும் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு பகுதி, அரிஸ்டோலோக்கியா தின்று நஞ்சேறிய சிவப்புடல் பூச்சி ஒன்றின் உருவத்தை அப்படியே அணிந்துகொண்டு பறக்கின்றன. நம் வாசலில் ரசத்துக்குக் கிள்ளும் இலையைத் தின்று வளர்ந்தது, காட்டுக்கொடி தின்றதைப் போல் வேடமிட்டுப் பிழைக்கிறது. ஒரே இனத்தில் பெண்களுக்கு மட்டும் பல உருவங்கள் ஏன் என்பதை வாலஸ் தமது 1865-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக எழுதினார். டார்வினின் கொள்கைக்கு அது வலுவான சாட்சியாக நின்றது.

நஞ்சு பறவையிடமிருந்து காக்கும், புல்டோசரிடமிருந்து காக்காது. அந்தக் கொடி மரத்தைப் பற்றி ஏறி வெளிச்சத்தைத் தொட்டு வாழ்வது. மரம் விழுந்தால் கொடியும் போகிறது. யாரும் அதைச் சமையலுக்காக நடுவதில்லை, கோயிலுக்காக நடுவதில்லை, சந்தையில் விற்பதில்லை. கிள்ளான் சமவெளியில் இருந்த தாழ்நிலக் காடு முதலில் வெள்ளீயத்துக்காகவும் பிறகு ரப்பருக்காகவும் அழிக்கப்பட்டபோது, மரங்களோடு இந்த வகைக் கொடிகளும் போயின. அந்தக் காடுகளை வெட்டித் தோட்டமாக்கிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. பசியும் கங்காணியும் அவர்களைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. அவர்கள்மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் கொடி போன அதே மண்ணில், லயத்து வாசலில், ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் அவர்கள் நட்டார்கள். ஒரு பூச்சியின் உணவு அகற்றப்பட்ட இடத்தில் வேறொரு பூச்சியின் உணவு ஊன்றப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கு மண் தோண்டிய காலத்திலிருந்து இன்றைய அடுக்குமாடிகள்வரை நகரம் வளர்ந்த கதை முழுவதையும் இந்த இரண்டு செடிகளைக் கொண்டே சொல்லிவிடலாம்.

ராஜா புரூக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆண்களைப் பற்றியது. ஆற்று மணலிலும் வெந்நீர் ஊற்றோரத்திலும் கூட்டமாக உட்கார்ந்து நீர் உறிஞ்சுபவை ஆண்கள். இலைகளில் போதிய சோடியம் இல்லை. மண்ணின் ஈரத்திலிருந்து அதைச் சேர்த்துக்கொள்கின்றன. வண்ணத்துப்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் இந்த உப்பு, கூடும்போது பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்து முட்டைக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண் கீழே இறங்கி வருவது அரிது. பழுப்பு கலந்த மங்கலான பச்சை, முன்னிறகின் நுனியில் வெண்மை. மர உச்சியின் பூக்களில் அதன் வாழ்க்கை. புகைப்படங்களில், அஞ்சல்தலைகளில், சட்டம் போட்டு மாட்டிய கண்ணாடிப் பெட்டிகளில் நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஆண்தான்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீர் உறிஞ்ச வரும் ஆண்களை எண்ணி இந்த இனத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க முடியுமா என்பது அதன் கேள்வி. ஏறிப் போய்ப் பார்க்க முடியாத ஒரு வாழ்வைக் கீழே இறங்கி வருபவற்றைக் கொண்டு கணக்கிடும் இந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். இதைவிட எளிய வழி இல்லை. ஆனாலும் மணலில் நிறைய ஆண்கள் இருக்கின்றன என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மலைமேல் கொடி பத்திரமாக இருக்கிறது என்று நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

சட்டத்தின் பார்வையும் ஆணின்மேல்தான், அதாவது பிடிபடும் பூச்சியின்மேல்தான் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இது இருக்கிறது. அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. தீபகற்ப மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் காக்கிறது. மலைவாசத்தலக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தேவை என்று தெரியும். ஆனால் எலுமிச்சை அழகியைப் பாருங்கள். சட்டமே இல்லை, நாள்தோறும் துடைப்பமும் மருந்தும். போதாததற்கு டிங்கி காய்ச்சலுக்காகத் தாமான் தாமானாகப் புகை அடிக்கிறார்கள். அந்தப் புகைக்குக் கொசு எது, வண்ணத்துப்பூச்சி எது என்று தெரியாது. அடித்து ஓய்ந்த பிறகும் செடி நிற்கிறது, அடுத்த தெருவிலிருந்து வேறொரு தாய் வருகிறாள். ஆயிரக்கணக்கில் சாகும் பூச்சி பிழைக்கிறது. அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாத பூச்சி மெலிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது: பூச்சியைக் காப்பதாகச் சொல்லும் சட்டம், அது தின்னும் கொடியையும் பெயர் சொல்லிக் காக்காதவரை பாதி வேலைதான் செய்கிறது.

நாம் நடும் செடியைச் சார்ந்தவை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் எலுமிச்சை அழகியிடம் ஒரு சான்று இருக்கிறது. 2004-இல் இது கரீபிய நாடான டொமினிகன் குடியரசில் காணப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பூச்சிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை தென்கிழக்காசியாவிலிருந்து போனவை என்று கண்டார்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் மனிதன் கொண்டுபோய் நட்ட இடமெல்லாம் அதற்கு ஏற்கெனவே பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. புவெர்ட்டோ ரிக்கோவுக்கும் ஜமைக்காவுக்கும் அது பரவிவிட்டது. அங்குள்ள விவசாயிகளுக்கு அது தொல்லை. கோம்பாக் மலையைவிட்டுக் கீழே இறங்கிக் கோலாலம்பூரின் நடுவே வாழ முடியாத பூச்சி ஒருபக்கம், கடல் தாண்டியும் குடியேறிய பூச்சி மறுபக்கம்.

இதைப் படிக்கும்போது அரிதானது என்பது ஏதோ குறை என்று தோன்றிவிடக் கூடாது. மலாயாவின் ரப்பர் ஆய்வுக் கழகத்தில் வேதியியலாளராக இருந்த ஸ்டீவன் கார்பெட், சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் பெண்டில்பரியோடு சேர்ந்து 1934-இல் மலாய்த் தீபகற்பத்து வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். தாம் மலாயாவில் சேகரித்தவற்றை அவர் எண்ணிப் பார்த்தபோது, ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்கள் 118 இருந்தன. இரண்டு கிடைத்தவை 74. இன்னும் தேடினால் எத்தனை புதிய இனம் கிடைக்கும் என்ற அவருடைய கேள்வியிலிருந்து புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் உருவாக்கிய கணக்கு 1943-இல் வெளிவந்தது. இன்றும் அது பல்லுயிர் ஆய்வின் அடிப்படைகளில் ஒன்று. உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கணிதம் நம் ரப்பர்க் காட்டோரத்துப் பூச்சிகளை எண்ணியதில் பிறந்தது. அந்த எண்கள் சொல்வது, இந்தக் காட்டில் பெரும்பாலான இனங்களுக்கு அரிதாக இருப்பதே இயல்பு என்பது. தீபகற்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. எலுமிச்சை அழகியைப் போல நம் தொட்டிச் செடியோடு ஒட்டிக்கொண்டவை அவற்றில் ஒரு கைப்பிடி. மற்றவற்றுக்குக் காடுதான் வீடு.

அப்படியானால் வாசல் செடி காட்டுப் பூச்சிக்கு உதவவே முடியாதா? ஓரளவு முடியும் என்பதற்கு இரண்டு ஊர்கள் சாட்சி. சிங்கப்பூரில் பூங்காக்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் அரிஸ்டோலோக்கியாக் கொடியை நட்டார்கள். ராஜா புரூக்கின் நெருங்கிய உறவான பொன்மஞ்சள் இறகுப் பூச்சி அங்கே நகரத்துக்குள்ளேயே வளர்கிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் இறகரசி என்ற இனம் அருகியபோது, 1990-களில் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுக்காரர்களும் அதன் கொடியை ஆயிரக்கணக்கில் நட்டுக் காட்டுத் துண்டுகளை இணைத்தார்கள். இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியும், மேற்குத்தொடர்ச்சி மலையின் பொன்னழகியும் இதே கொடிக் குடும்பத்தை நம்பி வாழ்பவை. ராஜா புரூக்கை யாரும் அடுக்குமாடிக்கு வரவழைத்துவிட முடியாது. அதற்கு ஆறும் உப்பு மண்ணும் உயர்ந்த மரங்களும் வேண்டும். கோம்பாக், உலு லங்காட், உலு சிலாங்கூர் மலையடிவாரத்துக் கிராமங்களிலும் பழத்தோட்டங்களிலும் அந்த மலைக்கே உரிய கொடியை நட்டால் காட்டின் விளிம்பு கொஞ்சம் அகலமாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாற்றுக் கடைகளில் அழகுக்காக விற்கும், பெரிய புள்ளிப் பூ பூக்கும் அரிஸ்டோலோக்கியா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் தாய்ப்பூச்சிகள் அதை உறவுக்கொடி என்று நம்பி முட்டை வைத்தன. பொரித்த புழுக்கள் அதைத் தின்று செத்தன. கொடியை வாங்கப் போகிறவர்கள் பூவின் அழகைப் பார்ப்பதற்கு முன், அது எந்த நாட்டுக் கொடி என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் விசாரித்துவிட்டு நட வேண்டும்.